பண்டகசாலையில் ரோபாட்டும் மனிதனும்

தொழிற்சாலையில் உற்பத்தியாகும் பொருள் அன்றே மக்கள் கைக்குப் போய்ச் சேருவதில்லை. இடையே அது சில நாட்களோ சில மாதங்களோ பண்டகசாலையில் தங்குகின்றது. அங்கே பொருளுக்கு ஓய்வு, மனிதருக்கு ஓய்வில்லை. வண்டியிலிருந்து இறக்குதல், எண்ணுதல், உரிய அலமாரியில் அடுக்குதல், கேட்டபோது தேடி எடுத்தல், கட்டுதல், ஊர்வாரியாகப் பிரித்தல், மறுபடியும் வண்டியில் ஏற்றுதல் என்று வேலை இடைவிடாது நடைபெறுகின்றது. நெடுங்காலமாகத் தோளையும் முதுகையும் நம்பி நடந்த இந்த வேலையில் இப்போது ரோபாட் என்னும் தானியங்கி யந்திரம் பங்கு கொள்ளத் தொடங்கியிருக்கின்றது. அது எவ்வாறு வேலை செய்கின்றது, அதனருகே நிற்கும் மனிதனின் நிலை என்ன என்பவற்றை இங்கே காண்போம்.

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையில், மின்னணு நகரத்தைக் கடந்ததும் பொம்மசந்திரா தொழிற்பேட்டை தொடங்குகின்றது. ஆனேக்கல் தாலுக்காவைச் சேர்ந்த இவ்விடத்தில் மருந்துத் தொழிற்சாலைகளும் யந்திர உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. இதே சாலையில் மேலும் சென்றால் அத்திப்பள்ளியும் தமிழ்நாட்டு எல்லையும் ஓசூரும் வருகின்றன. 2025 ஆகஸ்டு மாதத்தில் சுமார் 19 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. ஒரே பேட்டையில் ஒரு கூடத்தில் சில கிராம் எடையுள்ள மருந்துக் குப்பியும், மற்றொரு கூடத்தில் தூக்க இயலாத வார்ப்பிரும்பும் சேமிக்கப்படுகின்றன. எல்லாப் பண்டகசாலைக்கும் ஒரே வகை யந்திரம் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

நேரம் எங்கே செலவாகின்றது?

பண்டகசாலை ஊழியர் ஒருவரின் வேலைநேரத்தைக் கூறுபோட்டுப் பார்த்த தொழில்நுட்ப நிபுணர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். கேட்ட பொருள்களைச் சேகரிக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, நடப்பதிலேயே கழிகின்றது. மீதியில் ஒரு பகுதி தேடுவதிலும், ஒரு பகுதி சரிபார்ப்பதிலும் போகின்றது. பொருளைக் கையால் எடுக்கும் செயலுக்கு ஆகும் நேரம் மிகக் குறைவே.

நடைக்கு அடுத்த சிரமம் சுமை. நம் நாட்டில் சிமெண்டும் சர்க்கரையும் 50 கிலோகிராம் மூட்டைகளாக வருவது வழக்கம். வயது வந்த ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. பின்னர் வந்த ஆராய்ச்சி இந்த வரம்பும் அதிகம் என்று காட்டியது. சுமை உடலை ஒட்டி, இடுப்பு உயரத்தில், உடலைத் திருப்பாமல், அடிக்கடி அல்லாமல் தூக்கப்பட்டாலும் 23 கிலோகிராமே தகும் என்பது 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட கணக்கு. எட்டித் தூக்கினாலும் குனிந்து திரும்பினாலும் அந்த அளவு இன்னும் குறையும். ஆகவே நடையையும் சுமையையும் யந்திரத்திடம் ஒப்படைப்பதே முதல் நோக்கம். கண்ணும் விரலும் மதியும் தேவைப்படும் வேலை மனிதனிடமே நிற்கின்றது.

ரோபாட் வந்த வழி

'ரோபாட்' என்ற சொல்லை உலகிற்கு அளித்தது ஒரு நாடகம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் மனிதனுக்காக உழைக்கும் செயற்கை உயிர்கள் அப்பெயரால் அழைக்கப்பட்டன. செக் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் 'வெட்டி' என்னும் ஊதியமில்லா வேலையை அது நினைவூட்டுகின்றது.

ஜார்ஜ் டெவோல் என்பவர் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யந்திரக் கை, 1961-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் வேலைக்கு அமர்ந்தது. சுடச்சுட வரும் வார்ப்படங்களை எடுத்து அடுக்குவது அதன் பணி. அந்த யந்திரத்திற்குக் கண் இல்லை, தொடு உணர்ச்சியும் இல்லை. கற்பித்த அசைவையே அது திரும்பத் திரும்பச் செய்தது. குறுக்கே வருவது இரும்பா மனிதனா என்று அறியாது. ஆதலின் அதைச் சுற்றி வேலி போடுவது விதியாயிற்று.

பண்டகசாலைக்குள் ரோபாட் பெருமளவில் புகுந்தது மிகப் பிற்காலத்தில். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிக் மௌன்ட்ஸ் என்பவர் தொடங்கிய கீவா நிறுவனம் பழைய முறையைத் தலைகீழாக மாற்றியது. ஆள் அலமாரியை நாடிப் போவதற்குப் பதிலாக அலமாரியே ஆளை நாடி வந்தால் என்ன என்பது அதன் கேள்வி. இந்நிறுவனத்தை 2012-இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2025-இல் தன் பண்டகசாலைகளில் பத்து லட்சமாவது ரோபாட் வேலைக்கு வந்துவிட்டதாக அமேசான் அறிவித்தது.

அலமாரி நகரும் விதம்

இவ்வகை ரோபாட் மனித உருவம் கொண்டதன்று. தரையோடு தாழ்ந்த, சக்கரம் வைத்த தட்டையான பெட்டி அது. குறிப்பிட்ட பொருள் வேண்டும் என்று மையக் கணிப்பொறி ஆணையிட்டதும், அப்பொருள் உள்ள அலமாரியின் கீழே நுழைந்து, ஒரு திருகின் உதவியால் அதைச் சில சென்டிமீட்டர் உயர்த்தி, எடுப்பவர் நிற்கும் மேடைக்குச் சுமந்து செல்கின்றது. அங்கே எந்தத் தட்டிலிருந்து எத்தனை எடுக்க வேண்டும் என்று ஒரு விளக்கு காட்டுகின்றது. வேலை முடிந்ததும் அலமாரி திரும்பிப் போகும். ஆனால் பழைய இடத்திற்கே போக வேண்டியதில்லை. அடிக்கடி கேட்கப்படும் பொருள் மேடைக்கு அருகிலும், எப்போதாவது கேட்கப்படுவது தொலைவிலும் நிறுத்தப்படுகின்றன. இவ்வாறு நாளடைவில் பண்டகசாலை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக் கொள்கின்றது.

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்துள்ளது. 2011-இல் தோன்றிய கிரேஆரஞ்சு நிறுவனம் அலமாரி சுமக்கும் ரோபாட்டுகளைச் செய்தது. 2016-இல் நொய்டாவில் தோன்றிய ஆட்வெர்ப் நிறுவனம் பண்டகசாலை யந்திரங்களுக்காகவே தொழிற்சாலை அமைத்தது. பெங்களூரில் 2017-இல் தொடங்கப்பட்ட ஆட்டி மோட்டார்ஸ், தொழிற்சாலைக்குள் சரக்கு வண்டிகளை இழுத்துச் செல்லும் 'ஷெர்பா' என்ற தானியங்கி வண்டியை உருவாக்கியது.

பிரித்தனுப்பும் வேலைக்கு ஒரு சான்று பெங்களூரிலேயே உண்டு. பிளிப்கார்ட் நிறுவனம் 2019-இல் நகரின் கிழக்கே சௌக்கியா என்னுமிடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு ரோபாட் வண்டிகளை அமர்த்தியது. ஊழியர் ஒருவர் பொட்டலத்தை வண்டியின் தட்டில் வைக்கிறார். வண்டி அதன் முகவரிக் குறியீட்டுக்கு உரிய திறப்பை நாடி ஓடித் தட்டைச் சாய்க்கின்றது. பொட்டலம் கீழே அவ்வூருக்கான பையில் விழுகின்றது. மணிக்குச் சுமார் 4,500 பொட்டலங்கள் இவ்வாறு பிரிக்கப்படுவதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. நூறு வண்டிகள் எனக் கொண்டால், ஒரு வண்டி மணிக்கு 45 பொட்டலங்களை, அதாவது 80 விநாடிக்கு ஒன்றைக் கொண்டு சேர்க்கின்றது. தனி வண்டி ஒன்றின் வேகம் வியப்புக்குரியதன்று. நூறு வண்டிகள் மோதாமல் ஓடுவதே வியப்பு.

வழியறியும் கண்

வண்டி தான் இருக்குமிடத்தை எப்படி அறிகின்றது? சக்கரம் சுற்றிய எண்ணிக்கையைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவது எளிய வழி. ஆனால் சக்கரத்தின் விட்டத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்தால், 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு மீட்டர் பிழை நேரும். வண்டி அலமாரியின் கீழே நுழைவதற்குப் பதில் அதன் காலில் மோதும். எனவே சீரான இடைவெளியில் தரையில் கட்டக் குறியீடுகளை ஒட்டி, வண்டியின் அடியிலுள்ள காமிரா அவற்றைப் படிக்கும்படி செய்கின்றனர். ஒவ்வொரு குறியீடும் ஒரு மைல்கல். அதைக் கடக்கும்தோறும் சேர்ந்த பிழை அழிக்கப்படுகின்றது.

ஆட்களும் தள்ளுவண்டிகளும் நடமாடும் கூடத்தில் குறியீட்டு முறை மட்டும் போதாது. அங்கே லேசர் ஒளித்துடிப்புகளைச் சுற்றிலும் வீசி, அவை எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவி பொருத்தப்படுகின்றது. 3 மீட்டர் தொலைவிலுள்ள சுவரைத் தொட்டு ஒளி திரும்பி வர 20 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்து கோடியில் ஒரு பங்கு ஆகும். இவ்வளவு நுட்பமான காலத்தை அளந்து, கூடத்தின் வரைபடத்தை யந்திரமே தீட்டிக் கொள்கின்றது.

பல வண்டிகள் ஒரே பாதையை நாடும்போது தோன்றும் சிக்கலைத் தீர்க்கும் தத்துவம் ரயில்வே ஊழியர்க்குப் புதிதன்று. ஒற்றைப் பாதையில் டோக்கன் பெற்ற வண்டி மட்டுமே அடுத்த நிலையம் வரை செல்லலாம் என்பது நெடுநாளைய வழக்கம். அதே போல, பண்டகசாலைத் தரை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, முன்பதிவு செய்த கட்டத்தில் மட்டுமே ஒரு ரோபாட் நுழைய அனுமதிக்கப்படுகின்றது. டோக்கனைக் கொடுத்து வாங்குவது மட்டும் இங்கே கணிப்பொறியின் பொறுப்பு.

பிடிக்கும் கை

சுமப்பதைக் காட்டிலும் பிடிப்பது கடினம். பெரும்பாலான யந்திரக் கைகளில் காற்றை உறிஞ்சும் ரப்பர்க் கிண்ணங்கள் உள்ளன. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். உள்ளே காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் சுமார் 10 கிலோகிராம் எடையளவு பிடிப்பு கிடைக்கும். ஆனால் வேகமாக நகரும்போது பொருள் நழுவாதிருக்க, இதில் ஒரு பகுதியையே நம்புவார்கள். மழமழப்பான அட்டைப்பெட்டியில் இப்பிடிப்பு உறுதியானது. துணிப்பொதியிலும் சுருங்கிய பாலிதீன் உறையிலும் காற்று கசிந்து பிடி தளரும். குவியலிலிருந்து ஒரு சேலைப் பொட்டலத்தை மட்டும் உருவி எடுப்பது குழந்தைக்கு விளையாட்டு. யந்திரத்திற்கோ இன்னும் சோதனை.

கோபாட் என்னும் கூட்டாளி

வேலியின்றி மனிதனோடு ஒரே மேசையில் வேலை செய்யத்தக்க யந்திரம் பற்றிய எண்ணம் 1996-ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான எட்வர்டு கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் ஆகியோர் அதைக் கண்டுபிடித்தனர். கூட்டுழைப்பு ரோபாட் என்பதன் சுருக்கமாகக் கோபாட் என்ற பெயர் ஏற்பட்டது. அவர்களது முதற் கருவி தானாக இயங்கும் ஆற்றல் அற்றது. தள்ளும் விசை மனிதனுடையது. செல்லும் திசையை மட்டும் யந்திரம் நெறிப்படுத்தியது. இன்று காணப்படும் இலகுவான கோபாட் கை வேறு வகை. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2005-இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் 2008-இல் அத்தகைய கையை முதன்முதலாக விற்றது. அதைக் கையால் பிடித்து நகர்த்திக் காட்டியே வேலையைக் கற்பிக்கலாம்.

பண்டகசாலையில் பெட்டிகளைப் பலகைமீது அடுக்குதல், முகவரிச் சீட்டு ஒட்டுதல், கட்டிய பெட்டியை எடுத்து வைத்தல் ஆகியவற்றுக்குக் கோபாட் உதவுகின்றது. மற்றொரு வகை, சக்கரமுள்ள கூடை வண்டி. இது எடுப்பவருடன் சென்று நிற்கும். அவர் பொருளை எடுத்து இடுவார்; கூடை நிறைந்ததும் அது தானே கட்டும் மேடைக்குப் போய்விடும், வேறொரு வண்டி அதன் இடத்திற்கு வரும்.

உயிருக்குக் காவல்

வேலியை எடுத்துவிட்டால் உயிரைக் காப்பது எது? 1979-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் சரக்கு அடுக்கில் ஏறிய இளைஞர் ஒருவர், உறுப்புகளை எடுக்கும் யந்திரத்தின் கை தாக்கி உயிரிழந்தார். ரோபாட்டால் நேர்ந்த முதல் மரணமாகக் குறிக்கப்படும் இது நடந்தது ஒரு சேமிப்பு அடுக்கில் என்பது கருதத்தக்கது. 2023 நவம்பரில் தென்கொரியாவில், குடைமிளகாய்ப் பெட்டிகளை எடுத்து வைக்கும் ரோபாட்டின் உணர்கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த ஊழியரை அந்த யந்திரம் நசுக்கியது, அவரும் இறந்தார். இடையே 44 ஆண்டுகள் கழிந்தும் பாடம் ஒன்றே. அன்றாட வேலையைவிடப் பழுது நீக்கும்போதும் சோதிக்கும்போதுமே அபாயம் மிகுதி. மின்சாரத்தைத் துண்டித்து, சாவியை வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் எவரும் யந்திரத்தின் எல்லைக்குள் செல்லலாகாது.

வேலியின்றி வேலை செய்வதற்குச் சர்வதேச நியமங்கள் நான்கு வழிகளை வகுத்துள்ளன. மனிதன் எல்லைக்குள் வந்ததும் யந்திரம் நிற்பது ஒன்று. மனிதன் கைப்பிடித்து நடத்தும்போது மட்டும் நகர்வது மற்றொன்று. இடைவெளிக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பது மூன்றாவது. மோதினும் வலியுண்டாகாதபடி விசைக்கு வரம்பிடுவது நான்காவது. 2016-இல் வெளியான நியமக் குறிப்பு, நெற்றி முதல் கெண்டைக்கால் வரை உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அட்டவணை இடுகின்றது.

மூன்றாவது வழியை ஒரு கணக்கால் விளக்கலாம். மனிதன் விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நெருங்குவதாகக் கொள்வது நியமம். ரோபாட்டின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் என்க. அது மனிதனை உணர 0.1 விநாடியும், பின் சீராக வேகம் குறைந்து நிற்க 0.4 விநாடியும் ஆகட்டும். இந்த அரை விநாடியில் மனிதன் 0.8 மீட்டர் வந்துவிடுவான். ரோபாட் உணருமுன் 0.1 மீட்டரும், நிற்குமுன் 0.2 மீட்டரும் நகரும். ஆக 1.1 மீட்டர். உணர்கருவியின் பிழைக்கு இன்னும் சிறிது சேர்த்து, அந்த இடைவெளி குறைவதற்கு முன்பே யந்திரம் நிற்கத் தொடங்க வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதன் பயனும் பெரிது. அலமாரியோடு 600 கிலோகிராம் எடையுள்ள வண்டி விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடினால் அதன் இயக்கச் சக்தி 675 ஜூல். வேகத்தைப் பாதியாக்கினால் அது ஏறக்குறைய 169 ஜூலாக, அதாவது கால் பங்காகக் குறைந்துவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது அவசியம். கோபாட் என்று பெயர் பெற்றதாலேயே ஒரு யந்திரம் அபாயமற்றதாகிவிடாது. அதன் கையில் கூரிய கத்தியைக் கொடுத்தால், விசை வரம்பு எவ்வளவு குறைந்தாலும் காயம் உண்டாகும். கை, கருவி, சரக்கு, இடம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பாதுகாப்பை ஆராய வேண்டும்.

குளிர்ப் பண்டகசாலை

பொம்மசந்திரா போன்ற மருந்து வட்டாரத்திற்கு இத்துறை தனிச் சிறப்புடையது. இன்சுலின் முதலிய மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையில் சேமிக்க வேண்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரு பெட்டி தவறான தட்டில் மறைந்து தங்கினால், அதன் ஆயுள் முடிந்து வீணாகும். கண்டுபிடிக்காமல் அனுப்பினால் நோயாளிக்கே தீங்கு. ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் நாளையும் மறவாத யந்திரம் இதற்கு ஏற்றது. கதவு திறந்திருக்கும் நேரம் குறைவதால் குளிரும் வீணாகாது. குளிரில் நெடுநேரம் நிற்கும் சிரமம் ஊழியர்க்கும் குறைகின்றது.

ஆயினும் குளிர் யந்திரத்தையும் வாட்டும். மின்கலத்தின் கொள்ளளவு குளிரில் குறையும். குளிர் அறையிலிருந்து வெளியே வரும் வண்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்து பார்வை மங்கும். சாதாரணக் கூடங்களிலும் சமமற்ற தரை, தூசி, மின்தடை ஆகியவை இடையூறு செய்கின்றன. ஆகவே ரோபாட்டை வாங்குமுன் தரையைச் செப்பனிடுவது முதல் வேலை.

தொழிலாளரின் பங்கு

யந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை போகுமா என்பதே தொழிலாளர் கேட்கும் முதற் கேள்வி. வண்டி தள்ளுவதும் பொருளைத் தேடி நடப்பதும் குறையும் என்பது மெய். நிரப்புதல், பழுது பார்த்தல், கண்காணித்தல் ஆகிய வேலைகள் புதிதாகத் தோன்றும் என்பதும் மெய். ஆனால் முதல் வேலையை இழந்தவருக்கே இரண்டாவது வேலை தானாகக் கிடைத்துவிடாது. பயிற்சி அளித்தால்தான் கிடைக்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நடை குறைவதால் களைப்பு குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அலமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்போது, முன்பு நடையினிடையே கிடைத்த சிறு ஓய்வும் போய்விடுகின்றது. ஒரே இடத்தில் நின்று ஒரே கையசைவைத் தொடரும் ஊழியரின் தோளும் மணிக்கட்டும் துன்புறும். ஒரு பெரிய வாணிக நிறுவனத்தின் பதிவேடுகளை ஆராய்ந்து 2020-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வெளியிட்ட செய்தி, ரோபாட் உள்ள பண்டகசாலைகளில் காயங்கள் கூடுதல் என்று கூறிற்று. அம்முடிவை அந்நிறுவனம் மறுத்தது. எவ்வாறாயினும், வேகத்தின் அளவை யந்திரத்தின் திறமையைக் கொண்டு நிர்ணயிக்காமல் மனித உடலின் திறமையைக் கொண்டே நிர்ணயித்தல் வேண்டும். அபாயமுள்ள யந்திர பாகங்களுக்கு வேலியிடுவதையும், தீங்கு விளைக்கும் சுமையைத் தூக்கச் செய்யலாகாது என்பதையும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நம் நாட்டில் நிலைநாட்டியது. கருவிகள் மாறினாலும் அக்கொள்கை மாறுவதற்கில்லை.

கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் அருகருகே உழைக்கும் ஓசூர்ச் சாலை வட்டாரத்தில், எழுத்தால் எச்சரிப்பது மட்டும் போதாது. எடுக்க வேண்டிய தட்டை ஒளியால் காட்டுவதும், அபாய எல்லையைத் தரையில் நிறக்கோட்டால் குறிப்பதும், நிறுத்தும் பொத்தானைச் சிவப்பாக எட்டும் உயரத்தில் வைப்பதும் எம்மொழியினருக்கும் பயன்படும்.

நாட்டின் முயற்சி

2023-இல் உலகெங்கும் சுமார் 5 லட்சத்து 41 ஆயிரம் தொழில்துறை ரோபாட்டுகள் நிறுவப்பட்டன. இந்தியாவின் பங்கு 8,510. இந்த எண்ணிக்கை சிறிதே. ஆயினும் வளர்ந்து வருவது. இத்துறைக்கான அறிவை நாட்டிலேயே வளர்க்கும் பொருட்டு, மத்திய அரசு 2018 டிசம்பரில் 3,660 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு தேசியத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ் அமைக்கப்பட்ட 25 மையங்களுள் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மையம் கோபாட் ஆராய்ச்சிக்கென்றே ஏற்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் செயற்கை அறிவுக்கும் ரோபாட் நுட்பத்திற்கும் ஒரு மையம் அமைந்தது. பெங்களூரில் 1962 முதல் இயங்கிவரும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் யந்திரத் துறையில் பயிற்சியும் ஆலோசனையும் அளித்து வருகின்றது.

பெரிய வாணிக நிறுவனங்கள் முழுப் பண்டகசாலையையும் ரோபாட் மயமாக்கலாம். சிறு பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை. மிகக் கனமான பெட்டி எது, மிக நீண்ட நடை எது, அடிக்கடி காயம் நேரும் இடம் எது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தால், முதல் யந்திரம் எங்கே வேண்டும் என்பது தானே விளங்கும். சில கூடங்களில் ஒரு கோபாட் கை போதும். சிலவற்றில் உயரம் மாற்றத்தக்க மேசையும் நல்ல சக்கரமுள்ள தள்ளுவண்டியுமே போதும். அந்தக் குறிப்பை எழுத ஏற்றவர், அன்றாடம் அப்பெட்டியைத் தூக்கும் தொழிலாளியே ஆவார்.